பால் இல்லாவிட்டால் எதை இடுவீர்? வேள்வியை உள்ளே செய்வது பற்றி ஓர் எளிய விளக்கம்

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு வெறுங்கையோடு மலையேறுகிறவர்கள் குறைவு. கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மான்கள் படுத்திருக்கும் மரநிழலைத் தாண்டி மேலே போகும்போது ஓர் அருச்சனைத் தட்டாவது கையில் இருக்கும். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கற்பூரம், கொஞ்சம் பூ. ஐயரிடம் கொடுத்துப் பெயர், நட்சத்திரம் சொல்கிறோம். சற்று நேரத்தில் பாதித் தேங்காயும் பூவும் திருநீறும் திரும்பி வருகின்றன. கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் நடுவில் என்ன நடந்தது?

அறநெறி வகுப்பில் பிள்ளைகள் இதையே வேறு மாதிரிக் கேட்பார்கள்: "சாமி சாப்பிடாத சாப்பாட்டை ஏன் ரீச்சர் சாமிக்குப் படைக்கிறோம்?" அதட்டி இருத்திவிடக் கூடாத கேள்வி இது. வேள்விச் சாலையில் தினமும் தீ வளர்த்தவர்களே பழங்காலத்தில் இதைத் தங்களுக்குள் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் தேடிக் கண்ட விடைகள் வேதத்தில் பிராமணம் எனப்படும் வேள்வி விளக்க நூல்களிலும் உபநிடதங்களிலும் இருக்கின்றன. பின்னர் அதே போக்கில்தான் உள்ளத்துக்குள் செய்யும் பூசைக்கு அகப்பூசை, மானச பூசை, அந்தர்யாகம் என்ற பெயர்கள் நம்மிடையே வழங்கலாயின. இவற்றைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமஸ்கிருதமும் ஆகமமும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

முதலில் வேள்வி என்றால் என்ன என்று பார்ப்போம். வேள்வி முறைகளை வகுத்த பழைய நூல்கள் அதற்கு மூன்று உறுப்புகளைச் சொல்கின்றன: இடுகிற பொருள், யாருக்கு இடுகிறோமோ அந்தத் தெய்வம், மூன்றாவதாக விடுதல். முதல் இரண்டும் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவதைத்தான் மறந்துவிடுகிறோம். தீயில் நெய்யையோ பாலையோ இட்டதும் வேள்வி செய்பவர், "இது அக்கினிக்கு, என்னுடையது அல்ல" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பொருள் தீக்குள் விழுவதோடு ஆகுதி, அதாவது தீயில் இடும் செயல், முடிவதில்லை. அதன்மேல் இருந்த பிடியை இட்டவர் தளர்த்தும்போதுதான் முடிகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம்முடைய அருச்சனைத் தட்டைப் பாருங்கள். தட்டு கைமாறிவிட்டது. மனமோ அதன் பின்னாலேயே போகிறது. ஐயர் என் பெயரைச் சரியாகச் சொன்னாரா? எனக்குப் பின்னால் வந்தவருக்கு ஏன் முதலில் தீபம் காட்டினார்? தேங்காய் அழுகிப்போயிருக்கிறதே, என்ன சகுனமோ? பொருளும் தெய்வமும் இருக்கின்றன, விடுதல் நடக்கவில்லை. உள்வேள்வி பற்றி நூல்கள் சொல்கிற எல்லாமே இந்த மூன்றாவது உறுப்பைப் பழகுவதற்குத்தான் என்பது என் துணிபு.

வேள்விகளில் மிகச் சிறியதும் அன்றாடம் செய்ய வேண்டியதுமானது அக்கினிகோத்திரம். சூரியன் எழும் வேளையிலும் விழும் வேளையிலும் வீட்டுத் தீயில் பால் இடுவது, அவ்வளவுதான். சதபத பிராமணத்தில் இதைப் பற்றி ஓர் உரையாடல் வருகிறது. விதேக நாட்டு மன்னர் ஜனகர் யாக்ஞவல்கிய முனிவரைப் பார்த்துக் கேட்கிறார்:

"அக்கினிகோத்திரம் தெரியுமா உமக்கு?"

"தெரியும் அரசே. பால்தான் அது."

"பால் இல்லாவிட்டால் எதை இடுவீர்?"

"அரிசியும் வாற்கோதுமையும்."

"அவையும் இல்லாவிட்டால்?"

வேறு செடிகொடிகளின் விளைச்சல் என்கிறார் முனிவர். அதுவும் இல்லை என்றால் காட்டில் தானாக விளைவது. அதுவும் இல்லை என்றால் மரத்தின் கனி. அதுவும் இல்லை என்றால் தண்ணீர். மன்னர் விடவில்லை. "தண்ணீரும் இல்லாவிட்டால்?" யாக்ஞவல்கியர் சொல்கிறார்: அப்படியானால் இங்கே எதுவுமே இல்லை என்றாகிவிடும். அப்போதும் ஆகுதி நடக்கும், சிரத்தையிலே சத்தியம் இடப்படும். ஜனகர் மகிழ்ந்து அவருக்கு நூறு பசுக்களைக் கொடுத்தார் என்று அந்தப் பகுதி முடிகிறது.

இந்தப் படிவரிசையை நிதானமாக மறுபடி படித்துப் பாருங்கள். ஜனகர் வேள்வியை எதிர்க்கவில்லை, ஒவ்வொரு பொருளாக விலக்கிக்கொண்டே போகிறார். பொருள்கள் எல்லாம் போன பிறகும் எது மிஞ்சுகிறதோ அதுதான் முதலிலிருந்தே அந்த வேள்வியை வேள்வியாக வைத்திருந்தது. தீயின் இடத்தில் நம்பிக்கை நிற்கிறது, பாலின் இடத்தில் உண்மை நிற்கிறது. இன்றைக்கு நான் என்னிடம் எதை மறைக்காமல் ஒத்துக்கொள்ளப் போகிறேன் என்பதுதான் அந்த ஆகுதி.

ஜனகருடைய கேள்வி திருகோணமலையில் கேட்டால் வெறும் தத்துவக் கேள்வியாகத் தோன்றாது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமா மலை" என்று பாடிய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்ட எடுத்தார்கள். இன்று நாம் கும்பிடும் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். இடையில் முந்நூறு வருடங்களுக்கு மேலாக அந்த மலையில் கோபுரமும் கருவறையும் இல்லை. வழிபாடு மட்டும் நிற்கவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் மலையுச்சியில் நின்று கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, பூவையும் வெற்றிலையையும் பழத்தையும் கடலுக்குள் இட்டதாக இங்கு வந்துபோனவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். கோயில் இல்லாவிட்டால் எதற்கு இடுவீர் என்று யாரும் கேட்டிருந்தால், நம்முடைய முன்னோர் கடலைக் காட்டியிருப்பார்கள். 1990இல் போரால் வீடுவாசலை விட்டு முகாம்களில் கிடந்த சனங்களுக்குச் சாமியறையும் இல்லை, விளக்குக்கு எண்ணெயும் இல்லை. அங்கேயும் பின்னேரமானால் யாராவது ஒரு ஆச்சி தேவாரம் பாடத் தொடங்கிவிடுவார். யாக்ஞவல்கியர் கடைசியாகச் சொன்ன விடை இதுவேதான்.

அடுத்ததாக ஒரு சின்ன உபநிடதப் பகுதி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அன்றாடப் பழக்கத்துக்கு மிக எளியதும் இதுதான். கௌஷீதகி உபநிடதத்தில் பிரதர்தனன் என்ற மன்னன் பெயரால் ஓர் உள் அக்கினிகோத்திரம் சொல்லப்படுகிறது. மனிதன் பேசிக்கொண்டிருக்கும்போது மூச்சை இழுக்க முடியாது, அப்போது அவன் மூச்சைப் பேச்சில் இடுகிறான். மூச்சை இழுக்கும்போது பேச முடியாது, அப்போது பேச்சை மூச்சில் இடுகிறான். விழித்திருந்தாலும் தூங்கினாலும் முடிவில்லாமல் நடந்துகொண்டிருக்கும் இரண்டு ஆகுதிகள் இவை. மற்ற ஆகுதிகளுக்கு முடிவு உண்டு, செய்து முடித்தவுடன் தீர்ந்துவிடும். இதை அறிந்த முன்னோர் வெளியே அக்கினிகோத்திரம் செய்யவில்லை என்றுகூட அந்த உபநிடதம் சொல்கிறது.

இதற்குப் புதிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை, ஏற்கெனவே நடக்கிற ஒன்றைக் கவனிக்கிறீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வருகிறீர்கள். போன கிழமைதான் வாங்கிக் கொடுத்த தண்ணீர்ப் போத்தலை மகள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து நிற்கிறாள். ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தச் சொல்லை அப்படியே உள்ளே இழுக்கும் மூச்சில் இடுங்கள், ஒரு முழு மூச்சு. "இது என்னுடையது அல்ல" என்று மனத்துக்குள் சொல்லுங்கள். அதன்பிறகு கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: "போத்தலை எங்க பிள்ளை வச்சனீ?" இப்போது மூச்சு பேச்சுக்குள் போகிறது. இரண்டு ஆகுதியும் ஆகிவிட்டன.

கோபத்தை அடக்குவதும் இதுவும் ஒன்றுதானே என்று சிலர் கேட்பார்கள். அடக்கும்போது கோபம் நம்முடையதாகவே உள்ளே இருக்கிறது, இராச் சாப்பாட்டின்போது வேறு உருவத்தில் வெளியே வரும். இடும்போது அதை ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். யாரிடம் என்பது உங்கள் வழிபாட்டைப் பொறுத்தது. கோணேசர் என்று நினைக்கலாம், பத்திரகாளி அம்மன் என்று நினைக்கலாம், குலதெய்வத்தை நினைக்கலாம். வெறுமனே அடக்குகிறவருக்கு இந்தத் துணை கிடையாது.

மூன்றாவது, சாப்பாடு. சாந்தோக்கிய உபநிடதத்தில் அசுவபதி என்ற கேகய மன்னர், தம்மைத் தேடி வந்த கற்றறிந்த இல்லறத்தார்களுக்கு ஒன்றைக் கற்பிக்கிறார். உடம்பே வேள்விச் சாலை. நெஞ்சு வேள்வி மேடை, அதன்மேலுள்ள மயிர் தருப்பைப் புல், இதயம் வீட்டுத் தீ, வாய் ஆகுதியை ஏற்கும் தீ. ஆகவே முதலில் வரும் உணவு ஆகுதிக்குரியது. உடம்புக்குள் இயங்கும் ஐந்து உயிர்க்காற்றுகளுக்கும் அதை இட வேண்டும்: முதல் வாயைப் பிராணனுக்கு, அடுத்ததை வியானனுக்கு, பிறகு அபானன், சமானன், உதானன். பிராணன் நிறைந்தால் கண் நிறைகிறது, கண் நிறைந்தால் சூரியன் நிறைகிறான், சூரியன் நிறைந்தால் வானம் நிறைகிறது என்று அது விரிந்துகொண்டே போகும். பசித்த பிள்ளைகள் தாயைச் சுற்றி இருப்பதுபோல எல்லா உயிர்களும் இந்த அக்கினிகோத்திரத்தைச் சுற்றி இருக்கின்றன என்று அந்தப் பகுதி முடிகிறது. அந்தணர் வீடுகளில் சாப்பிடத் தொடங்குமுன் ஐந்து பருக்கைகளை மந்திரத்தோடு உட்கொள்வது இன்றும் உண்டு. அதன் வேர் இங்கேதான்.

மந்திரம் தெரியாதவர் எப்படிச் செய்வது? சோற்றுக் கோப்பை முன்னால் இருக்கிறது. தொலைபேசியைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். குழம்பு ஊற்றுவதற்கு முன் ஓரத்திலிருந்து வெறுஞ்சோறு ஒரு வாய். சிவப்பரிசிச் சோற்றை மெல்லத் தொடங்கியதும் ஒருவித இனிப்பு வரும், அது வரும்வரை விழுங்காதீர்கள். "இது உயிருக்கு" என்று நினைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஐந்து வாய். ஆறாவதிலிருந்து வழக்கம்போலச் சாப்பிடலாம், கதைக்கலாம். ஐந்து வாய்க்குள் நமக்கு எவ்வளவு அவசரம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த அவசரமும் இடக்கூடிய பொருள்தான்.

நம்மூர் கடலோர ஊர், பெரும்பாலான வீடுகளில் மீன் உண்டு. மீன் சாப்பிடுகிறவர் இதைச் செய்யலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். தொடங்கலாம் என்பேன், அந்த ஐந்து வாயும் வெறுஞ்சோறாக இருக்கட்டும். "அவிசொரிந்து ஆயிரம் வேட்டலின் ஒன்றன் உயிர்செகுத் துண்ணாமை நன்று" என்ற குறளையும் சொல்லாமல் விட மாட்டேன். ஆயிரம் வேள்வியைவிட ஓர் உயிரைக் கொன்று தின்னாமை நல்லது என்கிறார் வள்ளுவர். ஐந்து வாயைக் கவனித்துச் சாப்பிடத் தொடங்கியவரிடம் இந்தக் குறள் மெல்ல மெல்லப் பேசும், வெளியிலிருந்து யாரும் வற்புறுத்த வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பழைய வேள்விகள் எல்லாமே தொடக்கத்திலிருந்தே உருவகம்தான், உண்மையில் யாரும் விலங்கைப் பலியிடவில்லை என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. குதிரை வேள்வி உட்பட உயிர்ப்பலி நடந்த வேள்விகள் உண்டு. பிருகதாரணியக உபநிடதம் அந்தக் குதிரையை எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது: வைகறைதான் வேள்விக் குதிரையின் தலை, சூரியன் அதன் கண், காற்று அதன் மூச்சு. அந்தக் குதிரையை உலகமாகவே பார்க்கச் சொல்கிறது. பழையதை மறைக்காமல் அதற்குள்ளிருந்தே அந்த ஞானியர் வெளியே வந்தார்கள். அதைச் சொல்ல நமக்கு என்ன வெட்கம்?

தமிழில் இந்தப் பார்வையை அப்பர் பெருமானைப்போல நெருங்கிச் சொன்னவர் இல்லை. நாலாம் திருமுறையில்:

காயமே கோயி லாகக் கடிமனம் அடிமை யாக
வாய்மையே தூய்மை யாக மனமணி இலிங்க மாக
நேயமே நெய்யும் பாலா நிறையநீர் அமைய ஆட்டிப்
பூசனை ஈச னார்க்குப் போற்றவிக் காட்டி னோமே.

உடம்பு கோயில், மனம் அங்கே ஊழியம் செய்யும் அடியவர், வாய்மை சுத்தம், மனத்துக்குள் இருக்கும் மணி இலிங்கம், அன்பு நெய்யும் பாலும், போற்றுதல் அவி. யாக்ஞவல்கியர் பாலை எடுத்துவிட்டுச் சத்தியத்தை வைத்தார். அப்பர் வாய்மையைக் கழுவும் நீராக்கி, பாலின் இடத்தில் அன்பை வைக்கிறார். நாடெல்லாம் உழவாரத்தோடு நடந்து கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியவர் பாடிய பாட்டு இது என்பதை மறக்கக் கூடாது. உள்ளே கோயில் கண்டவர் வெளிக்கோயிலின் புல்லைப் பிடுங்காமல் விடவில்லை.

அகப்பூசைக்கு எட்டு மலர்கள் என்று சைவ மரபு சொல்லும்: கொல்லாமை, ஐம்பொறி அடக்கல், பொறுமை, இரக்கம், அறிவு, மெய், தவம், அன்பு. எட்டையும் ஒரே நாளில் பறிக்க முடியாது. காலையில் வேலிக்கரையில் செவ்வரத்தையோ நித்தியகல்யாணியோ பறிக்கும்போது, இன்றைக்கு எந்த மலர் என்று ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பொறுமை என்று எடுத்தால் அன்றைக்கு வரிசையில் நிற்கும் இடங்களில் எல்லாம் அது நினைவுக்கு வரும். இரவு படுக்குமுன் அதை ஈசனிடம் வைத்துவிடுங்கள். வாடியிருந்தாலும் வையுங்கள்.

கோயிலில் ஐயரும் இதைத்தான் முதலில் செய்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. ஆகம முறைப்படி புறப்பூசைக்கு முன் அந்தர்யாகம் உண்டு: இதயத்தில் பூசை, உந்தியில் ஓமம், புருவ நடுவில் தியானம். உள்ளே ஆன பிறகுதான் வெளியே பால் சொரிகிறார். அவர் கண்ணை மூடி மூச்சைக் கட்டி இருக்கும் நேரத்தை "இன்னும் தொடங்கவில்லை" என்று நினைத்து நாம் கதைத்துக்கொண்டிருக்கிறோம். பூசை அப்போது தொடங்கிவிட்டது. அடுத்த முறை போனால் அந்தச் சில நிமிடங்கள் நீங்களும் கண்ணை மூடி இருந்து பாருங்கள். உள்ளே செய்கிறவனுக்கு வெளியே எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத் தவிர வேறு விடை வேண்டியதில்லை. செலவு மிச்சம், நேரம் மிச்சம் என்பதற்காக அகப்பூசையைத் தேடுகிறவர் எதையும் இடவில்லை, மிச்சம் பிடிக்கிறார்.

உள்வேள்வி ஆளைத் தனக்குள்ளேயே சுருட்டிவிடக் கூடாது. தேவர், முன்னோர், மனிதர், பிற உயிர்கள், ஓதுதல் என்று வேதம் சொல்லும் நாள்தோறுமான ஐந்து பெருவேள்விகளில் மூன்று, நம் கண்முன் இருக்கும் அல்லது இருந்த உயிர்களைப் பற்றியவை. இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்போது ஒரு கைப்பிடி, பிறருக்கு ஓர் இன்சொல், இவை எல்லாராலும் முடியும் என்றார் திருமூலர். சனிக்கிழமைகளில் காக்கைக்குச் சோறு வைக்கும் வீடுகளுக்கு இது புதிதல்ல. கோட்டைக்குள் திரியும் மான்களுக்கு மலையேறும் சனங்கள் வாழைப்பழம் நீட்டுவதும் இந்த வகைதான். பழத்தைக் கொடுத்துவிட்டுச் சொப்பிங் பையை அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள். மான் அதையும் தின்றுவிடும், அதன் வயிற்றுக்குள் பொலித்தீன் கரையாது. பையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்குவதும் அன்றைய ஆகுதியில் ஒரு பங்கு.

எங்கிருந்து தொடங்குவது? காலையில் ஒரு மலர், மதியம் ஐந்து வாய், கோபம் வரும்போது ஒரு மூச்சு, இந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். சாப்பாட்டிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன், ஏனென்றால் பசி தவறாமல் வந்து நினைவூட்டும். இது இறங்கிய பிறகு மற்றது. இலிங்கம் வைத்து வீட்டில் முறைப்படி ஆன்மார்த்த பூசை செய்ய விரும்புகிறவர் குருவிடம் தீட்சை பெற வேண்டும், அதில் மாற்றம் இல்லை. ஐந்து வாய்ச் சோற்றுக்கோ, மூச்சில் இடும் சொல்லுக்கோ தீட்சை வேண்டாம்.

வீட்டில் துடக்கு (தீட்டு) என்றால் நிறுத்த வேண்டுமா என்றும் கேட்பார்கள். துடக்கு நாட்களில் நாம் கோயிலுக்குப் போவதில்லை, சாமியறை விளக்கும் ஏற்றுவதில்லை. அந்த ஒழுங்கை அப்படியே பேணலாம். ஆனால் பிரதர்தனனின் வேள்வி விழிப்பிலும் தூக்கத்திலும் நிற்காதது என்று உபநிடதமே சொல்லிவிட்டது. ஆகவே ஒருவரை இழந்து வீடு வெறிச்சோடிக் கிடக்கும் அந்த நாட்களிலும், முப்பத்தோராம் நாள் முடிந்து கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்க் கடமை செய்யும்வரை, இதைத் தாராளமாகச் செய்யலாம். அந்த நாட்களில் இடுவதற்குத் துக்கம் இருக்கிறது.